பெரட்டுக்களத்து மேடு

பெப்ரவரி 8, ஞாயிறு

சைக்கிள் வந்துவிட்டது. பதுளையில் ஷிபானின் கடையில் வைத்துப் பார்த்தபோது சரியான அளவாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து என் மலைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பசுவுக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி. இருபது அங்குலச் சக்கரம். கியர் இல்லை. முன் பிரேக் இல்லை. குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங் இல்லை. ஸீட் இருக்கிறது, ஆனால் அது உட்கார்வதற்கு இல்லையாம். பிறகு எதற்கு?

பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "மகனுக்கா மிஸ்?" என்றான். "எனக்கு" என்றேன். எங்கள் ஊரான நமுனுகுல வந்து சேரும்வரை அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. முப்பத்தாறு வயதுப் பொம்பளை பிஎம்எக்ஸ் ஓட்டக்கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

ஜனகன் பார்த்தார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எது நல்லாருக்கு? நிறமா?

ஏன் வாங்கினேன் என்பதை இங்கேயாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடமாக, ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இரண்டு பேரும் மலைச் சைக்கிளில் தேயிலைக்குள் இறங்குவோம். அவர் இந்தத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர், அதனால் எந்தக் குறுக்குப் பாதையும் எங்களுக்குத் திறந்திருந்தது. வீட்டில் பேசுவதெல்லாம் அரிசியும் கரண்ட் பில்லும்தான். சைக்கிளில்தான் சிரிப்போம். நவம்பர் மழையில் மலை சரிந்து இறங்கியது. பாதைகளை மூடிவிட்டார்கள். அவருடைய சைக்கிள் அன்றிலிருந்து சுவர் ஆணியில் தொங்குகிறது.

மலை இல்லையென்றால் சமதரையில் ஓடுகிற சைக்கிளை நான் கொண்டுவருவேன். என்னைப் பார்த்தாவது அவர் திரும்ப ஏறவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.


பெப்ரவரி 11, புதன்

கூரியர் கிளையில் எனக்குக் காலை முறை. நாலு மணிக்கு வீட்டில் இருந்தேன். ஓட்ட ஒரு இடம் பிடித்துவிட்டேன் - பழைய பெரட்டுக்களம். முன்பு காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம். மழைக்குப் பிறகு பெரட்டை மேலே ஸ்டோரடிக்கு, தேயிலைத் தொழிற்சாலை வாசலுக்கு, மாற்றிவிட்டார்கள். இப்போது அது சும்மா கிடக்கிறது. தரை கெட்டி, ஆள் நடமாட்டம் குறைவு, ஜனகன் வேலையாகப் போகிற வழியும் இல்லை. கொஞ்சம் பழகிக்கொண்டு காட்டலாம்.

பழகிக்கொண்டு! ஒரு மணித்தியாலத்தில் மூன்று தரம் மல்லாந்து விழுந்தேன். மலை இறங்கி இறங்கி, பயம் வந்தால் இடுப்பைப் பின்னால் தள்ளுவது என் உடம்பில் ஊறிவிட்டது. மலைச் சைக்கிளில் அது உயிரைக் காப்பாற்றும். இந்தக் குட்டியில் இடுப்பைப் பின்னால் கொண்டுபோனால் முன்சக்கரம் வானத்துக்குப் போகிறது. இடக்கை விரல்கள் இல்லாத பிரேக்கைத் தேடுகின்றன. பெடலில் இருக்கிற இரும்பு முள் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் காலைத் தூக்கிக் காட்டினேன். "மருந்து போடு" என்றார். எப்படிக் கிழிந்தது என்று கேட்கவில்லை.


பெப்ரவரி 15, ஞாயிறு

மறுபடி விழுந்தேன். அதே முழங்கை. வேறு எழுத ஒன்றுமில்லை.


பெப்ரவரி 21, சனி

இந்தச் சைக்கிளில் எல்லாவற்றுக்கும் முதல் பாடம் ஹொப். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பவேண்டும். இதில் எனக்கு என்ன பயம்? மலையில் எத்தனை வேர், எத்தனை கால்வாய் தாண்டியிருக்கிறேன். அந்த நினைப்பில்தான் போனேன். ஓடி வந்தேன், குனிந்தேன், எழும்பினேன். நான் மட்டும் எழும்பினேன். சைக்கிள் தன் பாட்டுக்குத் தரையோடு போயிற்று.

பத்துத் தடவை, இருபது தடவை, அதேதான். கடைசியில் ஷிபானுக்குப் போன் எடுத்து, "நீ வித்த சைக்கிள்ல ஏதோ பிழை" என்று கத்தினேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டுச் சிரித்தான் பாவி.

"அக்கா, கோவிக்க வேணாம். நீங்க இவ்வளவு காலமும் பாயல்ல. ஒங்கட சப்பாத்துதான் சைக்கிளத் தூக்கின."

மலையில் நாங்கள் போடுவது அடியில் கொக்கி வைத்த சப்பாத்து. பெடலோடு பூட்டிக்கொள்ளும். காலை மேலே இழுத்தால் சைக்கிளும் கூடவே வரும். இந்தப் பெடலில் பூட்டு இல்லை. காலை இழுத்தால் கால்தான் வரும். ஒன்பது வருடமாக எனக்குப் பாயத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் எல்லாம் பீற்றியிருக்கிறேன்! நினைத்தால் காது சூடாகிறது.


பெப்ரவரி 22, ஞாயிறு

ஜனகனிடம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். முன்பென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். சொன்னேன். "அப்படியா" என்றார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஒன்றும் இல்லை, வெறும் திரை.


மார்ச் 7, சனி

முன்சக்கரம் எழும்புகிறது. பின்சக்கரம் சத்தியாக்கிரகம் செய்கிறது.

பார்வையாளர் வேறு. கொழுந்து நிறுத்துவிட்டுப் போகிற பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே போவார்கள். அது பரவாயில்லை, நானாக இருந்தாலும் சிரிப்பேன். ஒரு அம்மா மட்டும் தனியாக வருவார், கீழே ரோட்டு வளைவில் கொஞ்ச நேரம் நிற்பார், சிரிக்கமாட்டார். ராசம்மா என்று பேர், கீழ்ப்பிரிவு ஆள் என்று கேள்வி. நான் நீளக் காற்சட்டை போட்டிருப்பது பிடிக்கவில்லையோ என்னவோ.

இரவுச் சாப்பாட்டில் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தச் சைக்கிள் என்ன சாமி படமா, சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து பாருங்களேன்." "வேலை இருக்கு துஷி." ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

மலை இறங்கின அந்த வாரம் நான் பதுளையில், பஜாரில் இருக்கிற அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். ரோடு இல்லை, போன் இல்லை. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது தாடியோடு வாசலில் நின்றார். "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "மழை" என்றார். அன்றைக்கு மூடின வாய்.

கீழ்ப்பிரிவு லயத்து வீடுகளில் ஆறு பேர் மண்ணுக்குள் போனார்கள் என்று எனக்கும் தெரியும். எங்கள் கிளைக்கு வந்த நிவாரணப் பொதிகளை ராத்திரி பகலாகப் பிரித்து அனுப்பியவள் நான். எனக்கும் துக்கம் இருந்தது. அதற்காக உயிரோடு இருக்கிறவர்கள் பேசாமலே இருந்துவிடுவதா?


மார்ச் 14, சனி

தட்டைத் தரையில் எழும்பாத பின்சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறினால் தானே எழும்பும் என்கிறான் ஷிபான். மேடு கட்டப் போகிறேன். இடுப்புயரம்கூட வேண்டாம், முழங்கால் உயரம் போதும்.

மண்ணும் கிடைத்துவிட்டது. பெரட்டுக்களத்துக்குக் கீழே ரோட்டு வளைவில், பெக்கோ இயந்திரம் ரோட்டைத் துப்புரவாக்கிக் குவித்த மண் ஒரு சின்னக் குன்றாகக் கிடக்கிறது. நல்ல செம்மண். ஒரு பக்கத்தில் காய்ந்த செவ்வந்திப் பூவும் கற்பூரக் கரியும் இருந்தன. இங்கே எந்தக் கல்லைக் கண்டாலும் பொட்டு வைத்துச் சாமியாக்கிவிடுவார்கள். அந்தப் பக்கம் கை வைக்காமல் மறுபக்கத்திலிருந்து அள்ளினேன். தள்ளுவண்டியில் ஏழெட்டு நடை. கை கொப்புளம்.


மார்ச் 18, புதன்

மேடு முடிந்தது. கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினேன். சீமெந்து போல இறுகிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக நான் சமைத்ததுகூட இல்லை.


மார்ச் 22, ஞாயிறு

பறந்தேன்! ஒரு சாண் உயரம் இருக்கும். இறங்கியது கேவலம், சைக்கிள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். ஆனால் இரண்டு சக்கரமும் தரையை விட்டன, எனக்குத் தெரியும்.

எழுந்து மண்ணைத் தட்டினால் ராசம்மா நிற்கிறார். இந்த முறை வளைவில் இல்லை, களத்தின் ஓரத்திலேயே. எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன், கொஞ்சம் காரமாகத்தான். "ஒண்ணுமில்லைங்கம்மா" என்றார். என்னைப் பார்க்கவில்லை, மேட்டைப் பார்த்தார். போய்விட்டார்.

ஒன்றுமில்லாததைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவாரா? எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு தடவைகூடச் சரியாக எழும்பவில்லை.


மார்ச் 28, சனி

நாளைக்கு வருகிறேன் என்றார்!! நான் கேட்கக்கூட இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "மேடு கட்டியிருக்கியாமே, நாளைக்கு வர்றேன்" என்றார். யார் சொல்லியிருப்பார்கள்? யாராக இருந்தால் என்ன. இரண்டாவது ஹெல்மெட்டையும் எடுத்துத் துடைத்துவைத்தேன். அவருக்குத் தெரியாமல்.


மார்ச் 29, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வந்தார். நான் தூரத்திலிருந்து ஓட்டி வந்து மேட்டில் ஏறிப் பாய்ந்து இறங்கினேன். விழவில்லை. முதல் தடவையாக விழாமல் இறங்கினேன். பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பினால் அவர் மேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த மண்ணு எங்கேருந்து எடுத்த?"

"கீழ வளைவுல, பெக்கோ போட்ட குவியல்ல..."

"எந்தக் குவியல்னு தெரியுமா துஷி?"

ரோட்டு மண் என்றேன். ரோட்டு மண் இல்லையாம். கீழ்ப்பிரிவு லயம் இருந்த இடத்து மண். ஆறு பேரில் ஐந்து பேர்தான் கிடைத்தார்களாம். ராசம்மாவின் தங்கச்சி சந்திரகாந்தி கிடைக்கவே இல்லை. தேடுவதை நிறுத்தின பிறகு ரோட்டைத் திறக்க அந்த மண்ணைத்தான் அள்ளி வளைவில் கொட்டியிருக்கிறார்கள். புதைத்த இடம் என்று ஒன்று இல்லாததால் ராசம்மா அந்தக் குவியலில்தான் பூ வைக்கிறார். நான் பார்த்த செவ்வந்தி. நான் சாமி என்று நினைத்த கற்பூரம்.

நான் அதன்மேல் சைக்கிள் ஓட்டினேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டு நிற்க நிற்க ஓட்டினேன். என்ன பாக்கறீங்கன்னு வேற கேட்டேன். ஐயோ.

"ஏங்க ஒரு வார்த்தை சொல்லல? வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை!" நான்தான் கத்தினேன். தப்பு செய்தவள் நான், கத்தினதும் நான்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்! வந்த அன்னைக்கே கேட்டேன். மழைன்னீங்க!"

"அதுக்கப்புறம் கேட்டியா? நாலு நாள் கையால தோண்டினோம் துஷி. மண்வெட்டி போடப் பயம், எங்க யாரு இருக்காங்கன்னு தெரியாது. ரெண்டு பேர நான்தான் எடுத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகின ஆளுங்க. நீ வந்து எறங்கின மறுவாரமே எப்ப மலைக்குப் போலாம், எப்ப பாதை தொறப்பாங்கன்னு கேக்குற. நான் என்னத்தச் சொல்ல?"

கேட்டேன்தான். மறுவாரமே கேட்டேன். எனக்கு எண்ணிக்கை தெரிந்திருந்தது, ஆள் தெரியவில்லை.

ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் முன்னால் நடந்து போய்விட்டார்.


மார்ச் 30, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.


ஏப்ரல் 1, புதன்

பௌர்ணமி, போயா விடுமுறை. விடிந்ததும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனேன். மேட்டை உடைப்பது கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது, அவ்வளவு நன்றாகத் தட்டி வைத்திருந்தேன். இரண்டாவது நடையில் ஜனகன் வந்தார். மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கையால் அள்ள ஆரம்பித்தார். நானும் கையால் அள்ளினேன்.

ராசம்மா வந்தார். யாரோ சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன சொல்லவேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "தெரியாமப் பண்ணிட்டேங்க" என்று மட்டும் வந்தது.

"தெரியாதுதான்" என்றார். பிறகு, "ஆனா பூவப் பாத்தீங்கல்ல? யாரு வச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? நாங்க ரோட்டுல போறப்ப வர்றப்ப எம்புட்டுப் பேரு போறோம்."

"நீங்க சொல்லியிருக்கலாமேங்க..."

"ஐயா வீட்டு அம்மாகிட்ட என்னான்னு சொல்றது? எறங்குங்க, அது என் தங்கச்சின்னா?"

ஜனகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராசம்மா என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. கடைசி நடை மண்ணைத் தள்ளுவண்டியில் போடவிடாமல் தன் சேலையில் வாங்கிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். குவியலில் கொட்டிவிட்டுச் சேலையை நன்றாக உதறினார், ஒரு பொட்டு மண் மிச்சமில்லாமல்.


ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. பொங்கல் மட்டும். பதுளையிலிருந்து அம்மா பலகாரம் அனுப்பியிருந்தார். மேல் தோட்டத்தில் தற்காலிகக் கொட்டில்களில் இருக்கிற கீழ்ப்பிரிவுக் குடும்பங்களுக்கு ஜனகன் கொண்டுபோனார். நானும் வருகிறேன் என்றேன். "இன்னைக்கு வேணாம்" என்றார். முன்பென்றால் ஏன், எதற்கு என்று குடைந்திருப்பேன். திரும்பி வந்தபிறகு, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒவ்வொருவராகச் சொன்னார். சோறு ஆறிப்போனது.


ஏப்ரல் 26, ஞாயிறு

சைக்கிளைத் தொடாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அரிப்பு ஒரு பக்கம். நான் என்ன பிறவியோ. குவாட்டர்ஸ் பின்புறம் துணி காயப்போடுகிற சீமெந்துத் தரையில் ஓட்டினேன். இரண்டு சுற்றுக்கு மேல் இடமில்லை. கையை நீட்டி, இடுப்பைச் சரியான நேரத்தில் மட்டும் பின்னால் கொண்டுபோய், எழுந்து நின்று, காலால் இழுக்காமல் ஹாண்டிலை முன்னால் தள்ளினேன். இரண்டு சக்கரமும் எழும்பின. கீழே கிடக்கிற விளக்குமாற்றின் உயரம்கூட இல்லை. ஆனால் என் கால், என் சைக்கிள், நடுவில் பூட்டு இல்லை.

யாரும் பார்க்கவில்லை. இதற்காகவா இரண்டரை மாதம்? ஒரு சந்தோசமும் வரவில்லை. உள்ளே போய் வெங்காயம் உரித்தேன்.


மே 10, ஞாயிறு

ராசம்மா வீட்டு வாசல்வரை வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சந்திரகாந்திக்கு இன்னும் கருமாதி செய்யவில்லை. உடம்பு கிடைத்தால் செய்யலாம் என்று காத்திருந்தார்களாம். இனி காத்திருப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். வருகிற இருபத்துநாலாம் தேதி, மேலே கொட்டில் இருக்கிற இடத்தில்.

"ஐயா கட்டாயம் வரணும்" என்றார் ஜனகனிடம். "அவ மகனத் தோண்டி எடுத்துக் குடுத்தது நீங்கதான்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் வாங்க என்றார்.

அந்த மகன் உயிரோடு எடுக்கப்பட்டவனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போனபிறகு ஜனகனிடம் கேட்டேன். "இல்ல" என்றார். சமையலறைப் படியில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.


மே 24, ஞாயிறு

கொட்டில்களுக்குப் போகிற வழியில் சரிவு விழுந்த இடத்தை இன்னும் கட்டவில்லை. மோட்டார் சைக்கிள் போகாது, ஆள் மட்டும் நடந்து தாண்டலாம். நடந்தே போவோம் என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், ஜனகன் ஆணியிலிருந்து சைக்கிளை இறக்கி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார். "நடந்தா பிந்திரும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அது முதல் தடவையாக இருக்கும்.

பழுதுபார்க்கக் கொடுத்த என் மலைச் சைக்கிள் ஷிபான் கடையில் பிரிந்து கிடக்கிறது. மிச்சம் இருந்தது கன்றுக்குட்டிதான். வெள்ளைச் சேலையை மடித்துப் பையில் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினேன். கியர் இல்லாத சைக்கிளில் மலை ஏறுவதைப் போல மடத்தனம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் திட்டிக்கொண்டே மிதித்தேன். அவர் முன்னால் மெதுவாகப் போனார். எனக்காக மெதுவாகப் போனாரா, அவருக்கே மூச்சு வாங்கியதா, தெரியவில்லை.

சரிவுக்கு வந்ததும் இறங்கினார். கீழே லயம் இருந்த இடம் தெரிந்தது. அங்கே இப்போது புல் முளைத்திருக்கிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் இறங்கித் தள்ளினேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றார். "இதுக்கு நேர் கீழதான் அவங்க வீட்டு வாசல்" என்றார். நானும் நின்று பார்த்தேன். வாசல் எது, வீடு எது என்று அவர் கை காட்டிக் காட்டிச் சொன்னார். அடுத்த வீடு யாருடையது என்று கேட்டேன், அதையும் சொன்னார்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். இனிக் கொஞ்சத் தூரம் இறக்கம். நடந்தே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.